₹12,500 போச்சு: ஏர்சாஃப்ட் கியர்பாக்ஸ ரிப்பேருக்கு கொரியர்ல அனுப்பறவங்க இத படிச்சிட்டு அனுப்புங்க

சேலம், ஏற்காடு பக்கம் ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடற பொம்மைத் துப்பாக்கி விளையாட்டு) விளையாடற பசங்க எல்லாரும் இத முழுசா படிச்சிருங்க. பன்னெண்டாயிரத்து ஐநூறு ரூபா. ரிப்பேர் பண்றேன்னு அத வாங்குனவன் நேத்து ராத்திரிதான் என்னை பிளாக் பண்ணான், அந்த சூட்டோட எழுதறேன், தப்பும் தவறுமா இருந்தா கண்டுக்காதீங்க. பேரு போடல, போட்டா வக்கீல் நோட்டீஸ் விடுவேன்னு ஏற்கனவே வாய்ஸ் நோட்ல மிரட்டியாச்சு. ஆன்லைன்ல ஹாபி சாமான் விக்கிற ஒரு பக்கம், ஆர்சி கார், ட்ரோன், ஏர்சாஃப்ட் எல்லாத்துக்கும் ஸ்பேரும் சர்வீஸும் உண்டுன்னு போட்டிருப்பான், அவ்வளவுதான் சொல்வேன். எதெல்லாம் செக் பண்ணணும்னு கடைசில விவரமா எழுதறேன், முதல்ல நடந்தத சொல்லி முடிச்சிடறேன்.

என் கன்னு எம்4 மாடல், உள்ள வெர்ஷன் 2 கியர்பாக்ஸ், இனிமே பொட்டின்னு சொல்றது இதத்தான். தெரியாதவங்களுக்கு: மோட்டார் முனைல இருக்கற பினியன்ங்கற சின்ன பல்சக்கரம் பெவல் கியர சுத்த வைக்கும், அது ஸ்பர் கியர, அது செக்டர் கியர. செக்டர்ல பாதி வட்டத்துக்குத்தான் பல்லு இருக்கும், அந்தப் பல்லு பிஸ்டன பின்னாடி இழுத்து ஸ்பிரிங்க அமுக்கும், பல்லு முடிஞ்ச எடத்துல விட்டுடும், பிஸ்டன் முன்னாடி பாஞ்சு காத்த தள்ளும், 6 எம்எம் குண்டு வெளிய போகும். 1991ல டோக்கியோ மாருய் முதல் எலக்ட்ரிக் கன் விட்டதுல இருந்து அடிப்படை இதேதான். இதுல தேயறது எல்லாம் உள்ளதான் தேயும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, ஏமாத்தறவனுக்கு அதுதான் வசதி.

என் கன்னுல கொஞ்ச நாளா ஒரு ஊளை சத்தம், ஆட்டோல, அதாவது தொடர்ச்சியா சுட விட்டா, நடுநடுவுல ஒரு ஷாட் விட்டுப்போகும். பொட்டிய பிரிக்க எனக்கு தெரியும், பிரிச்சிருக்கேன். ஆனா ஷிம் செட்டு (கியர் ஆடாம இருக்க கீழயும் மேலயும் போடற மெல்லிசு வாஷர்), நல்ல பிஸ்டன், கியர் இதெல்லாம் அஞ்சு ரோட்டுல இருந்து செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் எந்தக் கடைல கேட்டாலும் மூஞ்சிய பாப்பாங்க, வெளிநாட்டுல இருந்து வரவழைக்கலாம்னா கஸ்டம்ஸ்ல நின்னுடுமோன்னு பயம். அதான் அவன்கிட்ட போனது.

நான் ஏன் நம்புனேன்னு கேப்பீங்க, அத சொன்னாத்தான் அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு புரியும். "அண்ணா, செமில, ஒவ்வொண்ணா, நாலு ஷாட் விட்டு சத்தத்த ரெகார்ட் பண்ணி அனுப்புங்க"ன்னான். அனுப்பினேன். கேட்டுட்டு உடனே கூப்பிட்டான். "பெவலுக்கும் பினியனுக்கும் நடுவுல கேப் சரியில்லண்ணா, ஷிம் போயிருச்சு. பிஸ்டன்ல முதல் ரெண்டு மூணு பல்லு அடிபட்டிருக்கும், பிரிச்சு பாருங்க"ன்னான். பிரிச்சா, சொன்ன மாதிரியே மூணாவது பல்லு ஓரத்துல நகம் அளவுக்கு உடஞ்சிருக்கு! போட்டோ எடுத்து அனுப்பினேன், "ஏஓஈ, அதான் பல்லு சந்திக்கற கோணம், சரி பண்ணாம யாரோ அசெம்பிள் பண்ணிருக்காங்கண்ணா, ரெண்டாவது பல்ல எடுத்துட்டு போட்டா சரியாயிடும்"னு சொல்றான். செக்டரோட முதல் பல்லு பிஸ்டன் பல்ல நேரா சந்திக்கணும், கோணம் தப்பினா முதல் பல்லுங்கதான் வாங்கும், இது விஷயம் தெரிஞ்சவன் மட்டும்தான் சொல்வான். சத்தத்த வச்சே சொன்னவன் வேலை தெரியாதவனா? தெரிஞ்சவன்தான். தெரிஞ்சே பண்ணான், எனக்கு வயிறு எரியறதே அதுக்குத்தான்.

"காசு மெதுவா பாத்துக்கலாம்ணா, முதல்ல பொட்டிய அனுப்புங்க"ன்னான். அனுப்பினேன். பொட்டி அவன் கைக்குப் போனதும் பேச்சு மாறுச்சு, முழுப் பணமும் போட்டாத்தான் வேலைல கை வைப்பேன்னுட்டான். பில்லு இது: ஸ்டீல் கியர் செட் 4,200, ஸ்டீல் பல்லு வச்ச பிஸ்டனும் ஹெட்டும் 2,300, 8 எம்எம் பேரிங் 1,600, எம்110 ஸ்பிரிங் 900, ஷிம்மிங் கிரீஸிங் எல்லாம் சேத்து கூலி 3,000, கொரியர் பேக்கிங் 500. மொத்தம் 12,500. யூபிஐல மொத்தமா போட்டேன், பொட்டி அவன்கிட்ட இருக்கும்போது வேற என்ன பண்ண முடியும்.

வந்துச்சு. வீட்டு மொட்ட மாடில போட்டுப் பாத்தா சத்தம் கம்மியாத்தான் இருந்துச்சு, சந்தோஷமா ஒரு நன்றி மெசேஜ் வேற போட்டேன் அந்த நாய்க்கு. அந்த ஞாயித்துக்கிழமையே பசங்களோட இருபது கொண்டை ஊசியும் ஏறி நாகலூர் பக்கம் ஃப்ரெண்டோட சித்தப்பா காப்பித் தோட்டத்துக்குப் போனோம், அவர் சும்மா கிடக்கற ஒரு எடத்த எங்களுக்கு விட்டிருக்காரு. கண்ணாடி எல்லாம் மாட்டி ரெடியாகி முதல் ரவுண்டு ஆரம்பிச்சா, ஒரு மேகசின் முடியல, கட்டுனு ஒரு சத்தம், அப்புறம் மோட்டார் மட்டும் கிர்ர்ர்னு சுத்துது, குண்டு வரல. அன்னைக்கு பூரா சில்வர் ஓக் மரத்தடில உக்காந்து மத்தவங்களுக்கு மேகசின் நிரப்பிக் குடுத்தேன்.

கீழ எறங்கி நேரா சிவதாபுரம், மச்சானோட கொலுசுப் பட்டறைக்குத்தான் போனேன், அங்கதான் நல்ல வெளிச்சமும் லென்ஸும் இருக்கு. பொட்டிய பிரிச்சோம். பிஸ்டன் பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுவர் மாதிரி கிரீஸ்ல பளபளன்னு இருக்கு. மச்சான் துணியால தொடச்சிட்டு லென்ஸ கண்ணுல வச்சிக்கிட்டு, "ஏங்க, நீங்க அன்னைக்கு ஒரு போட்டோ காட்டுனீங்களே, அத எடுங்க"ன்னான். எடுத்து பக்கத்துல வச்சா அதே பிஸ்டன். அதே மூணாவது பல்லு, அதே ஓரம், அதே நகம் அளவு உடசல், இப்ப அதுக்கு முன்னாடி இருந்த பல்லுங்களும் சேந்து வழிச்சு எடுத்த மாதிரி போயிருக்கு. 2,300 ரூபா பிஸ்டன் இதுதான்.

கியர் புதுசுதான், அத ஒத்துக்கறேன். ஸ்பர் கியர்ல நாலு பல்லு காணோம், கிரீஸுக்குள்ள தூளா கிடக்கு. அரத்தூள்ல இரும்பு கலந்திருந்தா பிரிக்கறதுக்கு பட்டறைல காந்தம் வச்சிருப்பாங்க, மச்சான் அத எடுத்து கியர்கிட்ட காட்டுனான். ஒட்டல. மூணுமே ஒட்டல. பக்கத்துல இருந்த ஸ்க்ரூ துள்ளி வந்து ஒட்டுது. ஸ்டீல்னு 4,200 வாங்கிட்டு வார்ப்பு ஜிங்க்க போட்டு அனுப்பிருக்கான், ஓரத்துல அச்சுக்கோடு கூட ராவல. இந்த மாவுக் கியருக்கு எம்110 ஸ்பிரிங் வேற, அது மட்டும் உண்மையா இருந்து தொலைச்சிருக்கு. எம்100னா 0.20 கிராம் குண்டு செகண்டுக்கு சுமார் 100 மீட்டர் போற இழுவை, எம்110 அதுக்கும் மேல, எப்படித் தாங்கும்.

பேரிங் கதைய கேளுங்க. பில்லுல 8 எம்எம். என் பொட்டில பேரிங் உக்கார்ற ஓட்டையே 7 எம்எம். ஓட்டைய பெருசு பண்ணாம 8 உள்ள போகவே போகாது. பேரிங் எடத்துல என் பழைய பிளாஸ்டிக் புஷ்தான் உக்காந்திருக்கு. ஷிம்? ஸ்பர் கியருக்கு கீழயும் இல்ல மேலயும் இல்ல, விரல்ல புடிச்சா கியர் மேலயும் கீழயும் ஆடுது. சத்தம் கம்மியானது அரைக் கிலோ கிரீஸால, வேற ஒண்ணும் இல்ல.

ஃபோன் பண்ணேன். முதல்ல "கொரியர்ல அடிபட்டிருக்கும்ணா"ன்னான். அடிபட்டா பிஸ்டன் பழசாயிடுமாடா? அப்புறம் "11.1 வோல்ட் லிப்போ பேட்டரி போட்டீங்களா, அப்ப வாரன்டி கிடையாது"ன்னான், என்கிட்ட இருக்கறது 7.4 வோல்ட் பேட்டரி மட்டும்தான், அத போட்டோவோட அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. அடுத்து "டெக்னீசியன் லீவு". அடுத்து அவன் வீட்டுல யாருக்கோ உடம்பு சரியில்ல, மனுஷன்தானேன்னு நானும் ரெண்டு நாள் பேசாம இருந்தேன், அந்த நேரத்துல அவன் பக்கத்துல புது ஸ்டாக் வந்திருக்குன்னு ரீல் போடறான்! கடைசியா காந்தம் ஒட்டாத வீடியோ, ரெண்டு பிஸ்டன் போட்டோ எல்லாத்தையும் அனுப்பினேன். அதுக்கு வந்த பதில்: "நீங்க பொட்டிய பிரிச்சிட்டீங்க சார், சீல் உடஞ்சிருச்சு, இனிமே நாங்க பொறுப்பில்ல." அது வரைக்கும் அண்ணா, இப்ப சார். பிரிக்காம எப்படி தெரியும், முதல்ல பிரிச்சு பாருங்கன்னு சொன்னதே நீதானடா. 12,500ல பாதியாச்சும் குடுன்னேன். வக்கீல் நோட்டீஸ். பிளாக்.

சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிட்டு சொல்லிட்டேன், நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915லயும் புகார் பதிஞ்சிருக்கேன், பில்லு, யூபிஐ ரசீது, வாய்ஸ் நோட்டு எல்லாம் பத்திரமா இருக்கு. பாப்போம்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன்ல, இப்ப அந்தப் பொறுமை இல்ல, சுருக்கமா சொல்றேன். அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பார்ட்டுலயும் உள்பக்கம் மார்க்கர்ல புள்ளி வச்சு போட்டோ எடுங்க. கழட்டுன பழைய பார்ட்ட திருப்பி அனுப்பணும்னு முதல்லயே எழுத்துல வாங்குங்க, இது ஒண்ணு இருந்திருந்தா அவன் மாட்டியிருப்பான். முழுப் பணம் முன்னாடி வேணும்னு சொன்னா பொட்டியவே அனுப்பாதீங்க. ஸ்டீல்னா காந்தம். திரும்பி வந்ததும் சுடறதுக்கு முன்னாடி பிரிச்சிருங்க, பிரிக்கறதையே வீடியோ எடுங்க, சீலாவது கீலாவது.

யாருகிட்டயாச்சும் வெர்ஷன் 2க்கு ஒரிஜினல் ஸ்டீல் கியர் செட்டும் ஒரு பிஸ்டனும் சும்மா இருந்தா சொல்லுங்க, சேலம், நாமக்கல், ஈரோடு எங்கன்னாலும் நேர்ல வந்து காசு குடுத்து வாங்கிக்கறேன். காந்தத்தோடதான் வருவேன், கோச்சுக்கக்கூடாது.