விக்கப்போற என்னோட கைவேலை பாஸ் கிட்டார்: உள்ளது உள்ளபடி ரிவ்யூ

கம்பெனி பேர் இல்லாத பாஸ் கிட்டாரை விக்குறது பெரிய தலைவலிங்க. வந்து பாக்குறவங்க எல்லாரும் முதல்ல ஹெட்ஸ்டாக்கைத்தான் (ட்யூனிங் சாவி இருக்கிற தலைப்பகுதி) பாக்குறாங்க, லோகோ இல்லைன்னதும் முகமே மாறிடுது, மதுரையில ஒரு கடையில "பேர் இல்லையேண்ணே"ன்னுட்டு ஆம்ப்புல சொருகிக்கூட பாக்காம ஒரு விலை சொன்னாங்க, அந்தக் காசுக்கு பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிச்சு ஆம்ப்புக்கு அனுப்புற பாகம்) மட்டும் கூட வராது. சரி, இத்தனை வருஷம் வாசிச்ச நானே எழுதிடறேன்.

4 ஸ்ட்ரிங், 34 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்). 1951-ல ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் வந்தப்ப வச்ச அதே நீளம்தான், அதனால கடையில கிடைக்கிற சாதாரண ஸ்ட்ரிங் செட் எதுவும் பொருந்தும். பிக்கப்பும் 1957-ல அவங்க கொண்டுவந்த மாதிரி ரெண்டா பிரிஞ்சது, இரைச்சல் வராது. பாடி பலா மரம், வீணைக்கும் தவிலுக்கும் போற அதே பலா. நெக் மேப்பிள், அதுமேல விரல் வைக்கிற ஃபிங்கர்போர்டு ஈட்டி மரம். கனம் ஜாஸ்தி, சர்ச் கொடியேத்தத்து அன்னைக்கு ராத்திரி முழுக்க நின்னு வாசிக்கணும்னா அகலமான ஸ்ட்ராப் இல்லாம தோள்பட்டை தாங்காது. சவுண்டு மிருதங்கத்தோட தொப்பி பக்கம் மாதிரி உருண்டு வரும். ஸ்லாப் (கட்டைவிரலால ஸ்ட்ரிங்கை அடிச்சு) வாசிக்கிற தம்பிங்களுக்கு இது செட்டாகாது, வேற பாத்துக்கங்க.

இனி குறை. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல கடல்கிட்ட கிடந்த சாமான், மறைச்சு என்ன ஆகப்போகுது. உப்புக்காத்து மரத்தை ஒண்ணும் செய்யல, இரும்பைத்தான் தின்னுருக்கு. பிரிட்ஜ்ல (பாடி மேல ஸ்ட்ரிங்கைத் தாங்குற பாகம்) ஜி ஸ்ட்ரிங்கோட உயரம் மாத்துற ஸ்க்ரூ துருப்பிடிச்சு இறுகிப்போச்சு, ஆலன் கீ போட்டா வழுக்குது. வால்யூம் பாட் (சவுண்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு) கரகரங்கும், கான்டாக்ட் கிளீனர் அடிச்சா அடங்கும், கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல திரும்ப ஆரம்பிச்சிடும், பேசாம அந்தத் திருகையே மாத்திடுங்க, பெரிய செலவில்ல. நிக்கல் ஸ்ட்ரிங் இங்க சீக்கிரம் செத்துப்போகுது, ஸ்டெயின்லெஸ் போட்டு வாசிச்சு முடிச்சதும் துணியால துடைச்சா தாக்குப்பிடிக்கும். ஆனா ஒண்ணு, பாஸிவ் பாஸ்ங்கிறதால உள்ள 9 வோல்ட் பேட்டரியும் கிடையாது, அது கசிஞ்சு நாசம் பண்ற வேலையும் கிடையாது.

ஏ ஸ்ட்ரிங்லயும் ஈ ஸ்ட்ரிங்லயும் 3-வது ஃப்ரெட்ல (நெக்குல குறுக்க இருக்கிற உலோகக் கம்பி) குழி விழுந்திருக்கு, நம்ம சர்ச் பாட்டு பாதி அங்க வர்ற சி-லயும் ஜி-லயும்தானே. இன்னொரு தடவை தேய்ச்சு லெவல் பண்ண உயரம் இருக்கு, அதுக்கப்புறம் புது ஃப்ரெட்தான்.

பாக்க வர்றவங்க நெக்கைப் பாருங்கப்பா. ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமுக்கிட்டு, 7-வது ஃப்ரெட் பக்கத்துல ஸ்ட்ரிங்குக்குக் கீழ ஒரு விசிட்டிங் கார்டு நுழையுதான்னு பாருங்க. நுழையும், அப்படின்னா நெக் சரியா இருக்கு. ட்ரஸ் ராட் (நெக் வளைவைச் சரிபண்ற உள்கம்பி) ரெண்டு பக்கமும் சுலபமா திரும்புது, அது இறுகிப்போன பாஸ் எவ்வளவு பெரிய பிராண்டா இருந்தாலும் தொடாதீங்க. 12-வது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கையும் (அமுக்காம விரலை லேசா வச்சு வாசிக்கிற நோட்டு) அமுக்கி வாசிக்கிற நோட்டையும் டியூனர்ல ஒத்துப்பாருங்க, ஜி மட்டும் சுருதி துளி ஏறி நிக்கும், மத்த மூணும் சரியா இருக்கும்.

15,000 கேக்குறேன். ஸ்க்ரூவுக்கும் வால்யூம் திருகுக்கும் சேத்து ஆயிரம் குறைச்சுக்கலாம், நெக்கை வச்சு குறைக்கச் சொன்னா முடியாது. கூரியர்ல போடமாட்டேன், நேர்ல வந்து வாசிச்சுப் பாத்து எடுத்துட்டுப் போங்க, பை கூடவே தர்றேன், ஆனா ஜிப் பாதிக்கு மேல ஏறாது.