ஊசியா, மெஷினா, முடிச்சா: ஜன்னலோரத்தில் தைத்த நான்கு போர்வைகள்

ஒரு குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே துண்டுத்துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் முதுகுத் துணி. மூன்றும் நகராமல் சேர்த்துப் பிடிக்கும் தையலைத்தான் குவில்டிங் என்கிறோம். அந்தப் பிடிப்பைக் கொடுக்க நான்கு வழிகளைச் செய்து பார்த்திருக்கிறேன்: மெஷின், மெல்லிய நூலில் நெருக்கமான கைத்தையல், தடித்த நூலில் பெரிய கைத்தையல், அப்புறம் தொடர்தையலே இல்லாமல் ஆங்காங்கே முடிச்சு. வழிக்கு ஒன்றாக நான்கு போர்வைகள் வீட்டில் புழங்குகின்றன, பலமுறை துவைத்தும் ஆகிவிட்டது. ஐந்தாவது இப்போது மடியில் இருக்கிறது.

நான் தைப்பது கொல்லைப்புறத்தைப் பார்த்த ஜன்னலோரத்தில். காலை வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து சாய்வாக விழும். வலது கையால் தைப்பவருக்கு அது வசதி, கையின் நிழல் தையல்மேல் விழாது. வெளியே சிட்டுக்குருவிகள், மைனாக்கள், ஒரு ஜோடி தையல்சிட்டு. ஒரு போர்வைக்கு மாதக்கணக்கில் உட்காரவேண்டி இருப்பதால், போர்வை எப்படி வந்திருக்கிறது என்பதோடு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பதையும் சேர்த்துத்தான் எடைபோடுவேன்.

முதலில் நேரக் கணக்கு. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். 150-க்கு 200 சென்டிமீட்டர் போர்வை, 5 சென்டிமீட்டர் இடைவெளியில் நேர்க்கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். 40 வரிசை, மொத்தம் 60 மீட்டர் தையல். மெஷினில் எனக்கு ஒரு நாள் ஆனது. தடித்த நூலில் ஒரு வரிசைக்கு முக்கால் மணி நேரம், ஆக 30 மணி நேரம். மெல்லிய நூலில் அதைப் போல இரண்டு மடங்கு. அங்குலத்துக்கு 4 தையல் என்றால் மொத்தம் 9,400 தையலுக்குப் பக்கத்தில் வரும். 9 தையல் என்றால் 21,000-ஐத் தாண்டும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு என்று போட்டால் 300 முடிச்சுக்குள் அடங்கிவிடும். எனக்கு அது இரண்டு மாலை வேலை.

வேகத்தில் மெஷினை எதுவும் நெருங்காது. உறுதியிலும் அதுதான் முன்னால் நிற்கிறது. வீட்டு மெஷின் போடுவது பூட்டுத் தையல். மேல்நூலும், அடியில் பாபின் உருளையில் சுற்றியிருக்கும் நூலும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொள்ளும். 1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியது இந்தத் தையல் போடும் மெஷினுக்குத்தான். அடிப்படை இன்றும் அதேதான். கைத்தையலில் ஒரே நூல் மேலும் கீழுமாக ஓடுகிறது. ஓரிடத்தில் அறுந்தால் இரண்டு பக்கமும் மெல்ல நழுவ ஆரம்பிக்கும். வாரம் தவறாமல் துவைக்கவேண்டிய குழந்தைப் போர்வை என்றால் மெஷினில் தையுங்கள் என்றுதான் சொல்வேன்.

மெஷினில் இரண்டு சங்கடங்கள். மூன்று அடுக்கையும் சுருட்டி, மெஷினின் கைக்கு அடியில் இருக்கும் சின்ன இடத்தில் நுழைத்துத் தள்ளவேண்டும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இல்லாவிட்டால் முதுகுப் பக்கம் சுருக்கம் விழுந்துவிடும். என் மெஷின் போர்வையின் ஒரு மூலையில் அந்தச் சுருக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டாவது, கோடுகள் நெருங்க நெருங்கப் போர்வை விறைக்கும். இரண்டு நூல் பூட்டிய கோடு துணியை மடங்கவிடாது. கையால் தைத்தது உடம்போடு குழைந்து விழும். இரண்டையும் அடுத்தடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தால் உடனே தெரியும்.

மெல்லிய நூலில் நெருக்கமாகத் தைப்பது வேறு உலகம். அதற்கென்றே குட்டையான ஊசி வருகிறது, பிட்வீன்ஸ் என்று பெயர். எண் கூடக்கூட ஊசி சிறுக்கும். நான் 10-ஆம் எண் வைத்திருக்கிறேன். துணியை வளையத்தில் மாட்டும்போது முரசுத்தோல் மாதிரி இழுக்கக்கூடாது, சற்றுத் தொய்வு வேண்டும். மேல்கை நடுவிரலில் திம்பிள், அதாவது ஊசியைத் தள்ளும் விரல்கவசம். ஊசியைச் செங்குத்தாக இறக்கினால் அடியில் காத்திருக்கும் விரல்நுனியில் முனை சுருக்கென்று தொடும். தொட்ட நொடியில் அந்த விரல் துணியை மேலே உந்தவேண்டும், மேல்கை ஊசியைப் படுக்கவைக்கவேண்டும், முனை எட்டிப்பார்த்ததும் மறுபடி நிமிர்த்தி இறக்கவேண்டும். இப்படி மூன்று நான்கு தையலை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு, பிறகு ஒரே இழுப்பு. கை பழகிவிட்டால் ஊசி தொட்டில் மாதிரி ஆடும். அடிவிரல் மட்டும் முதல் சில வாரங்கள் படாத பாடு படும். பிறகு அங்கே தோல் தடித்துவிடும்.

அது தரும் அழகை மற்ற மூன்றும் தராது. துவைத்துக் காய்ந்தபின் தையல் போன இடம் பள்ளமாகவும் இடைப்பட்ட இடம் மேடாகவும் எழும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த நிழல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதுவும் ஒரே வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்தது என்றால் பேச்சே இல்லை.

நூலில் ஒரு எச்சரிக்கை. கைக் குவில்டிங்குக்கு வரும் பருத்தி நூலில் மெழுகு போன்ற பூச்சு இருக்கும், சிக்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக. மிச்சமிருக்கிறதே என்று அதை மெஷினில் மாட்டாதீர்கள். பூச்சு உதிர்ந்து, நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுவிசைத் தட்டுகளில் படிந்துவிடும்.

தடித்த நூல் என்று நான் சொல்வது முறுக்கேறிய எம்பிராய்டரி நூலை, பெர்ல் காட்டன் 8-ஆம் எண். அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து தையல் போதும். வெறும் ஓட்டுத் தையல்தான். வங்காளத்துக் காந்தா, ஜப்பானின் சாஷிகோ என்ற இரண்டு மரபுத் தையல்கலைகளுக்கும் இதே தையல்தான் அடிப்படை. முதலில் இதை நான் மதிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெல்லிய தையல் வராதவர்களுக்கான குறுக்குவழி என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவை கொல்லைப்புறத்துப் பறவைகள்.

நடந்தது இதுதான். மெல்லிய தையலுக்கு எனக்குக் கண்ணாடி வேண்டும். பக்கத்தில் பார்க்கும் அந்தக் கண்ணாடியோடு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பச்சைப் புகை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் வந்த பறவை போய்விடும். அதனால் நிமிர்வதையே விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் குனிந்தபடி இருந்துவிட்டுக் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்த நாட்கள் உண்டு. மெஷினில் வேறு கதை. ஊசிக்கு முன்னால் இரண்டு கையும் துணியைப் பிடித்திருக்கும்போது கண்ணை எடுக்கவே கூடாது, மோட்டார் சத்தத்தில் காதும் போய்விடும். தடித்த நூலில் கண்ணாடி தேவைப்படவில்லை. மூன்று தையல் ஏற்றியபின் நூலை இழுக்கும்போது கை மேலே போகிறது, கையோடு தலையும் போகிறது. அந்த ஒரு நொடி பார்வை ஜன்னலுக்கு வெளியே. ஒரு வரிசைக்கு எண்பது தடவையாவது அப்படி நடக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்களே, அந்த இளைப்பாறல் தையலுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.

அப்படி நிமிர்ந்து பார்த்ததில்தான் தையல்சிட்டு கூடு கட்டுவதைப் பார்த்தேன். தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் தோட்டங்களில் சாதாரணமாக இருக்கும் பறவைதான். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, நிமிர்ந்த வால், உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத உரத்த குரல். அகன்ற இலையின் இரண்டு விளிம்பையும் வளைத்து, அலகால் சின்னச் சின்னத் துளை போட்டு, சிலந்தி நூலையும் பஞ்சு இழையையும் அதில் நுழைக்கிறது. இலைக்கு வெளியே வந்த இழை பிரிந்து உப்பி நிற்கும். அதுவே திரும்பி நழுவாமல் தடுக்கும். மனிதர் தைப்பது போல ஒரே நூல் ஓடுவதில்லை. துளைக்குத் துளை தனித்தனி இழை, தனித்தனிப் பிடிப்பு. நாம் அதற்குத் தையல்சிட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் அது செய்வது என் பட்டியலில் நான்காவதாக இருக்கும் முடிச்சு வேலை.

முடிச்சுப் போர்வையை நான் இறக்கிப் பேசமாட்டேன். மெத்தென்று உப்பி இருப்பது நான்கில் அது ஒன்றுதான், ஏனென்றால் பஞ்சைக் கோடுகோடாக அமுக்க எதுவும் இல்லை. ஆனால் உள்ளே என்ன பஞ்சு என்பதைப் பார்க்கவேண்டும். பாலியஸ்டர் விரிப்பு முடிச்சுக்கு ஒத்துப்போகும். பருத்தி விரிப்பில் சிலவகை, இடைவெளி அதிகமானால் துவைக்கும்போது திரண்டு கட்டியாகிவிடும். விரிப்பின் உறையிலேயே எத்தனை அங்குலத்துக்குள் தைக்கவேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதை மீறாதீர்கள். கைத்தையலுக்கு என் விரல்கள் விரும்புவது கம்பளி விரிப்பை, ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். பருத்தி கொஞ்சம் எதிர்க்கும், ஆனால் துவைத்தபின் வரும் அந்தச் சுருக்க அழகு அதில்தான்.

சரி, எங்கே உட்கார்ந்து தைப்பது? வெளியிலா, ஜன்னலுக்குள்ளேயா? வெளியில் பறவைகள் இன்னும் பக்கம், வெளிச்சமும் அதிகம். ஆனால் முழுப் போர்வையோடு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்ததை இரண்டே நாளில் நிறுத்திவிட்டேன். வெயில் சாயத்தை வெளுக்கும், விளிம்பு மண்ணில் புரளும், எச்சம் விழும், நழுவிய ஊசி புல்லுக்குள் போனால் போனதுதான். எச்சம் விழுந்தால் ஈரத்தோடு துடைக்காமல் காயவிட்டுச் சுரண்டுங்கள், கறை பரவாது.

வெளிவேலைக்கு ஏற்றது அறுகோணத் துண்டுகள். காகித அறுகோணத்தின்மேல் துணியை வைத்து, 6 மில்லிமீட்டர் ஓரத்தை மடித்துத் தற்காலிகமாகத் தைத்துக்கொண்டு, துண்டோடு துண்டை விளிம்பில் சுற்றித் தைப்பது. சுற்றிலும் ஆறு பக்கமும் இணைந்தபின் காகிதத்தை உருவிவிடலாம். மூன்று துண்டு சந்திக்கும் மூலையில் மெஷினில் நின்று நின்று திருப்பவேண்டும். கையில் அது தானாக வந்து உட்காரும். நேர்க்கோட்டுச் சதுரங்கள் என்றால் மெஷினில் இணைப்பதே மேல், அதில் கையை வருத்திக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. அறுகோணம் என்றால் கைதான். எல்லாம் மடியில் அடங்கும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் குருவிகள் நாலடி தூரம் வரை வந்துவிடும்.

ஜன்னலோரம் என்று முடிவானால் ஜன்னல் கண்ணாடியைப் பற்றி யோசிக்கவேண்டும். தண்ணீர்ச் சட்டியோ தானியத் தட்டோ வைப்பதாக இருந்தால் ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். மிகப் பக்கத்தில் இருந்தால் பறவை கண்ணாடியில் மோதும் அளவுக்கு வேகம் எடுக்காது. இடைப்பட்ட தூரம்தான் ஆபத்து. நான் தூரத்தைத் தேர்ந்தெடுத்தேன், கண்ணுக்கும் அதுதான் நல்லது. சட்டி ஆழமில்லாமல் இருக்கட்டும், 5 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம், தினமும் மாற்றுங்கள்.

இனி நூல் துணுக்குகள். கைத்தையலில் 45 சென்டிமீட்டர் அளவில்தான் நூலை வெட்டிக்கொள்வோம், அதற்குமேல் நீண்டால் சிக்கும், நைந்துபோகும். ஒவ்வொரு நீளத்திலும் கடைசியில் விரல் நீளத்துக்கு மிச்சம். ஒரு போர்வைக்குள் ஒரு குவளை சேர்ந்துவிடும். ஆரம்பத்தில் அதையெல்லாம் கொல்லைப்புறச் சுவரில் வைப்பேன், பறவைகள் கூட்டுக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று. மைனாக்கள் எடுத்தும் போயின, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள் கூட்டிலிருந்து இறங்கிய குஞ்சு ஒன்று செடிக்கடியில் காலை இழுத்துக்கொண்டு நின்றது. துணியால் மூடிப் பிடித்துப் பார்த்தால் காலைச் சுற்றி நீல நூல், சதைக்குள் பதிந்திருந்தது. என் நூல். எம்பிராய்டரி கத்தரியின் நுனியால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுத்தேன். குஞ்சின் ஒரு விரல் ஏற்கெனவே கறுத்துவிட்டது. தாய்ப்பறவை சுவரில் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

நூலோ கம்பளி இழையோ பஞ்சு விரிப்பின் நறுக்கோ எதையும் வெளியே வைக்காதீர்கள். குஞ்சின் காலில் சுற்றும் நூல், கால் வளர வளர ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பாலியஸ்டர் மக்காது, அறுக்கவும் வராது. பறவைகளுக்குக் காய்ந்த புல், நார், சருகு இருக்கின்றன. இந்த விஷயத்தில் மெஷின் கைத்தையலைவிட மோசம், அது மிச்சம் விடும் வால்கள் நீளமானவை, பெரும்பாலும் பாலியஸ்டர். இப்போது ஊசிப்பெட்டிக்குள்ளேயே மூடிபோட்ட ஒரு ஜாடி இருக்கிறது. நறுக்கியது நேராக அதற்குள். நிறைந்தால் ஊசிகுத்தும் குட்டித் தலையணைக்குள் அடைத்துவிடுவேன்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு என் யோசனை: சதுரங்களை மெஷினில் இணையுங்கள், மூன்றடுக்கைத் தடித்த நூலில் கையால் தையுங்கள், கம்பளியோ மெல்லிய பருத்தியோ உள்ளே வையுங்கள். மெல்லிய தையல் ஒன்றையும் வாழ்நாளில் ஒருமுறை செய்து பாருங்கள், ஆனால் அதை முதல் போர்வையாக எடுக்காதீர்கள்.

மடியில் இருக்கும் ஐந்தாவது அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. 27 வரிசை முடிந்துவிட்டது, இன்னும் 13. தையல்சிட்டு இப்போது நிமிடத்துக்கு ஒருமுறை வாயில் புழுவோடு அந்த இலைக்குள் நுழைகிறது. நூலை இழுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.