சாய்கோவ்ஸ்கி ஆறாவது சிம்பொனி: யாரோட ரெக்கார்டிங்க கேக்கலாம்?

சித்தப்பா கண் ஆபரேஷனுக்காக நரசிங்கம்பேட்டை பக்கத்துலேருந்து கும்பகோணத்துக்கு வந்து எங்க வீட்ல பத்து நாள் தங்கியிருந்தாரு. டிவி பாக்கக்கூடாது, பேப்பர் படிக்கக்கூடாது, குனியக்கூடாது. நாப்பது வருஷம் நாயனம் வாசிச்ச மனுஷன் சும்மா படுத்துக்கிட்டு ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி இருக்கும். சரின்னு நான் ராத்திரி ராத்திரி கேக்கறத அவருக்கும் போட்டுக் காட்டினேன். ஒரே சிம்பொனி, நாலு கண்டக்டருங்க நடத்துன நாலு ரெக்கார்டிங். அதனால இந்த ரிவியூவ பாதி அவரு எழுதுனதுன்னே வெச்சுக்குங்க.

ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி இந்த ஆறாவது சிம்பொனிய 1893 அக்டோபர் 28ல பீட்டர்ஸ்பர்க்ல தானே நின்னு நடத்துனாரு, ஒம்பதே நாள்ல செத்துப்போனாரு. அதனால இதப்பத்தி பேசுற எல்லாரும் சாவுக்கதைலதான் ஆரம்பிப்பாங்க, நானும் அதேதான் பண்ணிட்டேன், விடுங்க. கவனிக்க வேண்டியது வேற. நாலு பகுதில மூணாவது ஒரு மார்ச், அதாவது பட்டாள நடை மெட்டு, தூள் கெளப்பிட்டு முடியும், நேர்ல கேக்கறவங்க பல பேரு அதோட முடிஞ்சுதுன்னு கை தட்டிடுவாங்க, நம்மூர்ல தனி ஆவர்த்தனம் முடிஞ்சதும் தட்டுற மாதிரி. அதுக்கப்புறம் மங்களம் வரும்னு உக்காந்திருந்தா பிலாக்கணம் வருது. அந்த நேரத்துல ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவுங்கறது ரொம்ப முக்கியம். நான் காசு கட்டாம கேட்டுக்கிட்டிருந்த ஆப் அந்த எடத்துலதான் சரியா ஒரு பெயிண்ட் விளம்பரத்த சொருகுச்சு. அன்னைக்கே சிடிக்கு மாறிட்டேன்.

மொதல்ல போட்டது ம்ராவின்ஸ்கி, லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக், 1960. அந்த ஆர்கெஸ்ட்ராவ 1938லேருந்து சாகற வரைக்கும், 1988 வரைக்கும், அவருதான் வெச்சிருந்தாரு, அம்பது வருஷம். ஒரே கோஷ்டி ஒரே ஆள்கிட்ட அவ்வளவு நாள் இருந்தா எப்படி இருக்கும்னு மார்ச் போட்டாலே தெரியும், அத்தன வயலினும் ஒரே வில்லு மாதிரி பாயுது. டிரம்பெட், ஹார்ன் எல்லாத்துலயும் ஒரு அசைவு இருக்கும், மேக்கத்திக்காரங்க வாசிச்சா அது இருக்காது. சித்தப்பா அங்க தலைய ஆட்டுனாரு, "பரவால்லடா, கொஞ்சம் கமகம் வெச்சுதான் ஊதறான்".

ரெண்டாவது பகுதி அஞ்சு எண்ணிக்கைல போற வால்ட்ஸ்ங்கற நடன மெட்டு மாதிரி ஒண்ணு. வால்ட்ஸ்னா மூணுதானே, இது எப்படி அஞ்சுன்னு பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் தடுமாறுன எடம். சித்தப்பா படுத்த வாக்குலயே தொடைல தக தகிட தக தகிடன்னு போட ஆரம்பிச்சுட்டாரு, கண்டசாபுதான்டா இது, இதுல என்ன ஆச்சரியம்னு. நான் ஏழெட்டு வருஷமா கேக்கறேன், எனக்கு இது தோணவே இல்ல, வெக்கமா போச்சு.

இப்ப நான் எந்த ரெக்கார்டிங்கையும் சோதிக்கற எடத்துக்கு வரேன். நாலாவது பகுதி ஆரம்பத்துல வர்ற அந்த இறங்குற மெட்ட யாருமே முழுசா வாசிக்கல. ஒரு ஸ்வரம் மொத வயலின்காரங்க, அடுத்தது ரெண்டாவது வயலின்காரங்க, இப்படி மாத்தி மாத்தி. தனித்தனியா கேட்டா ரெண்டும் அர்த்தமில்லாத தாவல், சேந்தாதான் பாட்டு. பின்னாடி அதே மெட்டு திரும்பி வரப்ப மொத வயலினுக்கே முழுசா குடுத்துடுறாரு. ரெண்டு கோஷ்டியும் ஒரே பக்கம் உக்காந்திருந்தா இந்த வேல எதுவும் காதுல விழாது. ம்ராவின்ஸ்கி மொத வயலின இடது பக்கமும் ரெண்டாவத வலது பக்கமும் வெச்சிருக்காரு, ஸ்டீரியோ வேற, ஹெட்ஃபோன்ல கேட்டா அழுகை இந்தக் காதுலேருந்து அந்தக் காதுக்கு தாண்டித் தாண்டிப் போகுது. ஹெட்ஃபோன சித்தப்பாவுக்கு மாட்டிவிட்டேன். ரெட்ட நாயனத்துல ஒருத்தன் விட்ட எடத்துல இன்னொருத்தன் பிடிப்பான், ஆனா இவனுங்க ஸ்வரத்துக்கு ஸ்வரம் கை மாத்தறானுங்களேன்னு ரெண்டு தடவ திருப்பிப் போடச் சொன்னாரு.

அடுத்தது பெர்ன்ஸ்டைன், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக், 1986. ம்ராவின்ஸ்கி கடைசி பகுதிய பத்து நிமிஷத்துக்குள்ள முடிக்கிறாரு, இவரு பதினேழு நிமிஷம் எடுத்துக்கறாரு. பதினேழு! மெதுவா வாசிக்கறது தப்பில்ல, விளம்ப காலத்துல கார்வை நின்னா அதுவும் ஒரு சொகம்தான், ஆனா இங்க ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவுல நிறுத்தி நம்ம மூஞ்சிய பாத்து அழுவுறியா அழுவுறியான்னு கேக்கற மாதிரி இருக்கு. இதுக்கு உருகுற ரசிகர்கள் நெறைய பேரு இருக்காங்க, திட்டுங்க, வாங்கிக்கறேன். சித்தப்பா பாதிலயே தூங்கிட்டாரு, மருந்து வேகம்னு நெனக்கிறேன்.

ஃபுர்ட்வாங்லர் 1938 பெர்லின் ரெக்கார்டிங் பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டு காலத்துது. ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷத்துக்கு மேல கொஞ்சம்தான் ஓடும், அதுக்குள்ள நிறுத்தி நிறுத்தி வாசிச்சத ஒட்டிருக்காங்க, ஆனா ஒட்டு தெரியாம ஒரே மூச்சா போகுது. மோனோ, அதனால வயலின் சோதனைக்கு வழியில்ல. சத்தம் கரகரன்னு இருக்கும். ஆனா கேளுங்க.

குரென்ட்சிஸ், மியூசிக் ஏட்டர்னாங்கற ஆர்கெஸ்ட்ரா, 2017ல வந்தது. இதுல ஒரு வம்பு. மொத பகுதி நடுவுல கிளாரினெட் அடங்கி அடங்கிப் போயி கடைசி நாலு ஸ்வரத்த பஸ்ஸூன் வாங்கும், அங்க சத்தம் சன்னமாங்கற குறிய ஆறு தடவ போட்டு வெச்சிருக்காரு சாய்கோவ்ஸ்கி. அவ்வளவு சன்னமா பஸ்ஸூன்ல ஊத முடியாதுன்னு நெறைய பேரு பாஸ் கிளாரினெட்ட வெச்சுக்குவாங்க. பஸ்ஸூனும் ரெட்ட நாணல் வெச்ச வாத்தியம்தான், நம்ம சீவாளி மாதிரின்னு சொன்னேன், கொறுக்கத்தட்டையில செஞ்ச சீவாளிய வெச்சுக்கிட்டு கத்தறது சுலபம்டா, கிசுகிசுக்கறதுதான் கஷ்டம்னாரு. சரி வம்பு என்னன்னா, அந்த எடம் காதுலயே விழலியேன்னு ஸ்பீக்கர்ல சவுண்ட ஏத்துனேன், மணி பதினொன்னரை, அடுத்த செகண்ட் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் இடி விழுந்த மாதிரி விழுந்துச்சு, கீழேருந்து அம்மா "எவன்டா பாத்திரத்த போட்டது"ன்னு ஓடி வந்தாங்க. அந்த அளவுக்கு ஏத்தஇறக்கம் வெச்சு பதிஞ்சிருக்காங்க. ஆனா மைக்க மூஞ்சிக்கிட்ட வெச்ச மாதிரி எல்லாமே பளிச்சுனு செஞ்சு வெச்சிருக்கறது எனக்கு கொஞ்சம் அலுப்பு, ஒரு ஹால்ல உக்காந்திருக்கோம்ங்கற உணர்வே வரல.

ஒண்ணுதான் வாங்கணும்னா ம்ராவின்ஸ்கி. ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் போடாதீங்க, கடைசி பகுதி முடியறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ டாம்டாம்ங்கற பெரிய வெண்கலத் தட்டு சன்னமா அடிக்கும், முழு சிம்பொனிக்கும் அந்த ஒரு அடிதான், அது அவ்வளவு சின்ன ஸ்பீக்கர்ல வரவே வராது. கெளம்பறதுக்கு மொத நாள் ராத்திரி சித்தப்பா திரும்ப அந்த பகுதிய மட்டும் கேட்டாரு, பாதில கரண்ட் போயி ஃபேன் நின்னுபோச்சு, ப்ளூடூத் ஸ்பீக்கர் சார்ஜ்ல ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த அடி விழுந்துச்சு, அடுத்து டிராம்போன் தாழ்ந்த கொரல்ல ஆரம்பிச்சுது. இருட்டுல சித்தப்பா "சேகண்டி"ன்னாரு, வேற எதுவும் சொல்லல.