தீபாவளி விருந்துச் செலவை எப்படிப் பகிர்வது? வழக்கத்தில் உள்ள முறைகளின் ஒப்பீடு

பிள்ளைகள் தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகும், மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற பட்டணங்களில் தீபாவளி மதியச் சாப்பாடு இன்னும் அம்மா இருக்கிற வீட்டில்தான் நடக்கிறது. அது பெரும்பாலும் அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்கிற மூத்த மகளின் வீடாகவோ கடைசி மகனின் வீடாகவோ இருக்கும். இருபது பேர் உட்கார்ந்து சாப்பிடும் அந்த ஒரு வேளைக்கு யார் செலவு செய்வது என்பதைக் குடும்பங்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசாததாலேயே அது ஒருவர் தலையில் விழுகிறது. இந்த வட்டாரத்தில் வழக்கத்தில் இருக்கும் முறைகளை ஒரே குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்த்தால், எது யாரை அழுத்துகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

கணக்குக்காக ஐந்து வீடுகளைக் கொண்ட ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். மூத்த அக்கா அம்மாவுடன் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறார். அக்கா, அத்தான், அம்மா, ஒரு பிள்ளை என நான்கு பேர், சம்பளக்காரர் அத்தான் ஒருவர்தான். அண்ணன் கோலாலம்பூரில், கணவன், மனைவி இருவரும் வேலை செய்கிறார்கள், இரண்டு பிள்ளைகள். நடு அக்கா குடும்பம் ஈப்போவில். அங்கும் இரண்டு சம்பளம், இரண்டு பிள்ளைகள். தங்கை இன்னும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் இருக்கிறார்; மாப்பிள்ளை குலை வெட்டுகிறார், ஒரே சம்பளம், ஐந்து பிள்ளைகள். தம்பி சிங்கப்பூரில் தனியாள். ஆக மொத்தம் 20 பேர். விருந்துச் செலவு 1,200 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். இதில் எந்த முறையையும் நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுத்தான் எடைபோடுகிறேன். கையில் காசில்லை என்பதற்காக யாராவது அந்த ஆண்டு வராமல் நின்றுவிடுவார்களா? அடுப்படியில் நிற்பவரின் உழைப்பு கணக்கில் வருகிறதா?

முதலில், வீட்டுக்காரரே எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் பழைய முறை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த காலத்தில் இதில் பெரிய குறை இருந்ததில்லை. எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது, பலகாரத் தட்டு வீட்டுக்கு வீடு போய் வந்தது, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆட்டை வாங்கிக் கூறு போட்டுக்கொண்டன. அதாவது, பகிர்வு விருந்துக்கு முன்பே நடந்துவிட்டது. இன்று பகிர்ந்துகொள்ள வேண்டியவர்களில் சிலர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள். அடுப்பு மட்டும் ஒரே வீட்டில் எரிகிறது. “எவ்வளவு ஆச்சுக்கா?” என்று தம்பி கேட்பான். “அதெல்லாம் ஒன்னுமில்லப்பா, நீங்க வந்து சாப்பிட்டாலே போதும்” என்று அக்கா சொல்வார். அந்தச் சொல்லில் உண்மையான அன்பு இருக்கிறது. ஆனால் நவம்பர் மாதம் மின்சாரக் கட்டணத்தைத் தள்ளிப்போட்டு அத்தான் சமாளிப்பதும் உண்மை. ஆண்டுக்கு ஒருவர் எனச் சுற்று வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். அம்மா நீண்ட பயணம் செய்ய முடியாத நிலையில், படையல் போடும் இடமும் மாறாத நிலையில், அந்தச் சுற்று முதல் ஆண்டோடு நின்றுவிடும்.

அடுத்தது, குடும்பத்துக்குச் சமபங்கு. வாட்சப் குழுவில் ஒரு எண்ணைப் போட்டால் முடிந்துவிடும் என்பதால் இதுதான் இப்போது பரவலாக இருக்கிறது. நமது கணக்கில் வீட்டுக்கு 240 வெள்ளி. இரண்டு சம்பளம் வாங்கும் அண்ணனும் 240, ஒரே சம்பளத்தில் ஏழு பேரைப் பார்க்கும் தங்கை வீடும் 240. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் மீதி 1,513, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிதிக்கும் பிடித்தம் உண்டு. ஐந்து பிள்ளைகளுக்குப் புதுத்துணியும் அந்த மாதம்தான் எடுக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து 240 வெள்ளி கேட்பதும், கோலாலம்பூர் வீட்டிலிருந்து அதே தொகையைக் கேட்பதும் ஒன்றாக முடியாது. இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. நாள் முழுக்கச் சமைத்த அக்காவும் அதே 240 கொடுக்கிறார்.

அந்த உழைப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் விடியும் முன்பே ஆட்டிறைச்சிக் கடை வரிசையில் நிற்பது அவர்தான். கோயிலில் கேட்டு வாங்கி வந்த அண்டாவைப் புளி போட்டுத் தேய்ப்பது, இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தைக் கண்ணெரிய உரிப்பது, சமையலறைக்குப் பின்னால் கொட்டகையில் கேஸ் அடுப்பை வைத்து இறைச்சி வேகும் வரை அருகில் நின்று கிளறுவது, மாலையில் மூத்தோருக்குப் படையல் போடுவது, மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு ரசத்துக்கு மிளகு இடிப்பது, எல்லோரும் போன பிறகு அந்த அண்டாவை மறுபடி தேய்த்துக் கோயிலில் ஒப்படைப்பது. செலவுக் கணக்கிலும் இப்படி நழுவிப்போகிறவை பல. 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசு. அன்றைக்கு ஒன்று காலியாகி இன்னொன்றும் திறக்கப்படும். ஐஸ் கட்டி, வாழையிலை, காகிதக் கோப்பை, குப்பைப் பை, பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும் சீனருக்கும் எடுத்துக் கொடுக்கும் பலகாரம் ஆகியவற்றை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. “இறைச்சிக்கு நாங்க கொடுத்துட்டோமே” என்று ஒருவர் சொன்னால், விருந்தின் பாதியை மட்டும்தான் அவர் பார்த்திருக்கிறார்.

தலைக்கு இவ்வளவு என்ற முறை நியாயத்தின் தோற்றத்தோடு வருகிறது: சாப்பிடுகிறவர் கொடுக்கட்டும். 1,200 வெள்ளியை 20 தலைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 60. தங்கை வீட்டுக்கு 420 வெள்ளி வருகிறது, சிங்கப்பூர் தம்பிக்கு 60. பிள்ளைகளுக்குப் பாதிக் கணக்கு என்று இரக்கம் காட்டினாலும் பெரியவருக்கு 80, பிள்ளைக்கு 40 என்றாகி, தங்கை வீட்டின் பங்கு 360 வெள்ளியில்தான் நிற்கிறது, அம்மாவைச் சேர்த்து எண்ணுவதால் சமைக்கிற அக்கா வீட்டுக்கு 280, தம்பிக்கு 80. பிள்ளைகள் அதிகம் உள்ள வீடும் அம்மாவை வைத்திருக்கிற வீடும் அதிகம் கொடுக்க, தனியாள் குறைவாகக் கொடுக்கிற இந்த ஏற்பாட்டைத் திருமண மண்டபத்துக்கு ஆள் எண்ணிக் கொடுக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். குடும்ப விருந்துக்கு இது ஆகாது. “இந்த வருஷம் வரலக்கா, சின்னவனுக்குக் காய்ச்சல்” என்று தங்கையைப் பொய் சொல்ல வைக்கும் முறை இதுதான் என்பதால், இருப்பவற்றில் இதையே நான் மிகவும் எதிர்க்கிறேன்.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் முறைக்கு நல்ல பெயர் உண்டு; அவரவர் கைப்பக்குவம் இலையில் சேருகிறது, பணப்பேச்சும் எழுவதில்லை. ஆனால் ஊர் தூரத்தை அது கணக்கில் எடுப்பதில்லை. ஈப்போவிலிருந்து முப்பது கிலோமீட்டர் கொண்டுவருவது வேறு. பண்டிகை நெரிசலில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து தேங்காய்ப்பால் குழம்பைச் சுமந்து வருவது வேறு. வெயிலில் அது புளித்துப் போகும். இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. ஆட்டிறைச்சிப் பிரட்டலை யாரிடம் ஒப்படைப்பார்கள்? நன்றாகச் சமைக்கிறவரிடம். வசதி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பட்டியலில் மிகப் பெரிய செலவு இறைச்சிதான் என்பதால், கைமணம் உள்ளவர் ஆண்டுதோறும் அதிகம் செலவழிக்க, ஒருவர் குளிர்பானப் புட்டிகளோடு வந்து இறங்குவார். பலகாரத்துக்கு மட்டும் இம்முறை மிகவும் பொருந்தும். முறுக்கும் அதிரசமும் நெய் உருண்டையும் நாள் தாங்கும், தூரமும் தாங்கும். தங்கை சுட்டுக் கொண்டுவரும் அச்சு முறுக்கைப் பணத்தால் அளக்க முடியாது.

சமையலை வெளியே கொடுத்துவிடுவதும் ஒரு வழி. அக்காவுக்கு ஓய்வு கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காகவே அதைப் பரிசீலிக்க வேண்டும். ஆனால் தலைக்கு இவ்வளவு, குறைந்தது இத்தனை பேர் என்றுதான் அவர்கள் விலை பேசுவார்கள். சமைத்துக் கொடுப்பவர்களுக்கும் அன்று தீபாவளிதான் என்பதால் இந்தப் பக்கங்களில் ஆள் கிடைப்பதும் கடினம். குடும்பத்தில் சமைக்க யாருக்கும் உடம்பு முடியாத ஆண்டுக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

வருமானத்துக்கு ஏற்றபடி கொடுப்பதுதான் கொள்கையளவில் மிகச் சரியானது என்று நான் நம்புகிறேன். நடைமுறையில் அது ஓர் இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது: சம்பளத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லும்படி கேட்கவும் கூடாது. சிங்கப்பூர் தம்பியின் சம்பளத்தை மலேசிய வெள்ளியில் பெருக்கிப் பார்க்கத் தொடங்கினால், அவன் அங்கே கொடுக்கும் அறை வாடகையை யாரும் கழித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே, அதற்கு மிக அருகில் வருவதும் யாரையும் சங்கடப்படுத்தாததுமான ஒரு முறையை நான் பரிந்துரைக்கிறேன். சம்பளத் தொகையை விட்டுவிட்டுச் சம்பளக்காரர்களை மட்டும் எண்ணுவது; சமைக்கிற வீட்டை அந்த எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடுவது. நமது கணக்கில் அக்கா வீட்டை விட்டால் ஆறு சம்பளக்காரர்கள், ஆளுக்கு 200 வெள்ளி. அண்ணன் வீடு 400, நடு அக்கா வீடு 400, தங்கை வீடு 200, தம்பி 200. அக்கா வீடு தன் பங்கை உழைப்பாகவும் இடமாகவும் கொடுத்துவிட்டது என்பதை எல்லோரும் அறிந்து ஏற்கிறார்கள். அது சலுகை என்று எண்ணக் கூடாது, செலுத்தப்பட்ட பங்கு என்றே எழுத வேண்டும். இருவர் வேலை செய்வதால் இரட்டிப்பாகக் கொடுப்பதா என்று ஈப்போவிலிருந்து ஒரு குரல் எழலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த 400 இரண்டு சம்பளத்திலிருந்து வருகிறது; தங்கையின் 200 ஒரே சம்பளத்திலிருந்து, அதுவும் ஏழு வயிறுகளைக் கடந்து வருகிறது. கூடுதலாகக் கொடுக்க மனமுள்ளவர், தம்பியானாலும் சரி அண்ணனானாலும் சரி, கணக்கு வைத்திருப்பவரிடம் தனியாகக் கொடுக்கலாம். அதைக் கொண்டு தங்கையின் பங்கைக் குறைக்கலாம். குழுவில் அறிவிக்கத் தேவையில்லை.

அந்த 200 வெள்ளியையும் அக்டோபரில் ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. ஜனவரி தொடங்கி அக்டோபர் வரை மாதம் 20 வெள்ளி என்றால் குலை வெட்டுகிறவரின் வீட்டிலும் அது பெரிதாக உறைக்காது. இது நம்மவர்களுக்குப் புதிய பாடமும் இல்லை. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்புட்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டங்களுக்கே உரிமையாளர் ஆனார்கள். மொத்தமாகக் கேட்டிருந்தால் அந்தக் கைகளால் கொடுத்திருக்க முடியாது.

மாதச் சேமிப்பு என்றதும், எல்லோரும் மாதம் கட்டி முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கும் கூட்டு பிடிக்கலாமே என்று அத்தைமார் யாராவது சொல்வார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உறவுக்குள் சின்ன அளவில் பிடிப்பது அதிலிருந்து வேறுபட்டது என்றாலும், ஒருவர் முதலில் எடுத்துக்கொண்டு பிறகு கட்டாமல் நின்றால் உறவே முறிந்துபோகும் ஆபத்து அதில் உண்டு. விருந்துக்குச் சுழற்சி எதுவும் வேண்டியதில்லை. பணம் ஒரே இடத்தில் சேர்ந்து, தீபாவளியன்று ஒரே அடுப்புக்குப் போகிறது. சமைக்காத ஒருவர் பொறுப்பில் பணமும், இன்னொருவர் பார்வையில் கணக்கும் இருந்தால் போதும்.

பணம் முன்கூட்டியே சேர்ந்திருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. தீபாவளியை ஒட்டிய சில நாள்களுக்கு, இறக்குமதி செய்யப்பட்ட எலும்புள்ள ஆட்டிறைச்சி, பருப்பு போன்ற சில பொருள்களுக்கு அரசாங்கம் உச்சவரம்பு விலை நிர்ணயிப்பது வழக்கம். கையில் காசிருப்பவர்தான் அந்த நாள்களுக்குள் வாங்கி முடிக்க முடியும். கோழிக்கு இருந்த உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் 2023 நவம்பர் 1 முதல் நீங்கிவிட்டதால், பண்டிகை வாரத்தில் கோழி என்ன விலைக்குப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. சந்தையில் சிறிது கூடிவிட்டால் அந்தக் கூடுதலை அத்தான் தன் சட்டைப் பையிலிருந்து எடுக்கும்படி விடக் கூடாது. அதற்காகவே மொத்தத்தில் நூறு வெள்ளியாவது அதிகமாகத் திட்டமிடுவது நல்லது.

பிள்ளைகளுக்கு உறையில் போட்டுக் கொடுக்கும் அன்பளிப்பான அங்பாவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது அவரவர் கையால் கொடுப்பது. அம்மா தன் சேமிப்பிலிருந்து எதையாவது நீட்டினால் மறுக்கவும் வேண்டாம். அதைத் தேங்காய்க்கோ வெற்றிலைக்கோ என்று எழுதிக்கொள்ளலாம். விருந்து முடிந்த வாரத்துக்குள் ரசீதுகளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட வேண்டும். கேஸும் குப்பைப் பையும் அதில் இருக்க வேண்டும். மீதி வந்தால் பிரித்துக் கொடுக்காமல் அடுத்த ஆண்டின் ஜனவரித் தொகையாக வரவு வைத்துக்கொள்ளலாம். குறைந்தால் அந்தக் குறையை ஆறு பேரும் பிரித்துக்கொள்கிறார்கள். அக்காவிடம் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை.