நான்கு ஆண்டுகளாகக் கூட்டுப்பணி மென்பொருளுடன்: உள்நுழைவு எண்ணிக்கையில் தெரியாதவை

ஆவணப் பகிர்வு, பணிப்பலகை, பொது நாட்காட்டி, குழு உரையாடல் ஆகிய நான்கையும் ஒன்றாகத் தரும் கூட்டுப்பணி மென்பொருளை எங்கள் அலுவலகம் வாங்கி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. முதல் ஆண்டு இறுதியில் நிர்வாகத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதித் தந்தவன் நான்தான். ஏறத்தாழ எல்லோரும் நாள்தோறும் உள்நுழைகின்றனர் என்று அதில் குறிப்பிட்டிருந்தேன். எண்ணிக்கை சரிதான், கணினியைத் திறந்ததும் அம்மென்பொருளும் தானாகத் திறந்துகொள்ளும்படி தொழில்நுட்பப் பிரிவினர் அமைத்திருந்ததைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக வைத்து, வேலை நகர நகர அதைப் பத்திக்குப் பத்தி மாற்றும் பணிப்பலகையை முதலில் சொல்கிறேன். வாராந்தரக் கூட்டம் திங்கட்கிழமை பத்து மணிக்கு. பலகையின் செயல்பாட்டுப் பதிவைப் பின்னொரு நாள் விரித்துப் பார்த்தபோது, வாரம் முழுவதும் அசையாமல் கிடந்த அட்டைகள் ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் மளமளவென்று ‘முடிந்தது’ பத்திக்கு நகர்ந்திருந்தன. வேலைகள் உரிய நாளிலேயே முடிந்திருந்தன. அவற்றைப் பலகையில் பதிவதால் செய்தவருக்கு ஆவது ஒன்றுமில்லை என்பதால், மேலாளர் பார்க்கும் நேரத்துக்குச் சற்று முன்னதாகப் பதிந்தார்கள், அவ்வளவுதான்.

இது புதிய செய்தியும் அன்று. குழுப்பணி மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று ஜொனாதன் குரூடின் 1988-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே, கூடுதல் உழைப்பு ஒருவருடையதாகவும் பலன் வேறொருவருடையதாகவும் இருப்பது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டுள்ளது. அவர் காட்டிய எடுத்துக்காட்டு, கூட்டங்களுக்குத் தானாக நேரம் குறிக்கும் வசதி: கூட்டம் கூட்டுபவருக்கு வேலை மிச்சம், அதற்காக மற்ற எல்லோரும் தத்தம் நாட்காட்டியை விடாமல் நிரப்பி வர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் சிலர் நிரப்பவே இல்லை. சிலரோ, வெற்றிடம் கண்டால் யாராவது கூட்டம் வைத்துவிடுவார்கள் என்று அஞ்சிப் பிற்பகல் முழுவதையும் ‘முக்கியப் பணி’ என்று அடைத்து வைத்தனர். நானும் அடைத்தேன்.

பயிற்சியும் அப்படித்தான் நடந்தது. லோட்டஸ் நோட்ஸ் என்ற குழுப்பணி மென்பொருளை நிறுவிய ஓர் ஆலோசனை நிறுவனத்தைப் பற்றி வாண்டா ஓர்லிகோவ்ஸ்கி 1992-இல் வெளியிட்ட ஆய்வில், அதைக் கற்கும் நேரத்தை எந்த வாடிக்கையாளர் கணக்கிலும் எழுத முடியாததால் ஊழியர்கள் தயங்கினர் என்று வருகிறது. எங்கள் நேரப் பதிவேட்டிலும் பயிற்சிக்கென ஒரு வரி இல்லை. கற்றவர்கள் உணவு இடைவேளையில் கற்றார்கள்.

பகிர்வு ஆவணம் மட்டும் யாரும் வற்புறுத்தாமலே நிலைத்துவிட்டது. முன்பு ஆண்டறிக்கை ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இதுதான் இறுதி’ என்று மின்னஞ்சலில் சுற்றிவரும். ஐந்து பேரின் திருத்தங்களை ஒட்டிச் சேர்க்கும் வேலை கடைநிலை உதவியாளரின் தலையில் விழும். ஒரே ஆவணத்தில் எல்லோரும் எழுதத் தொடங்கிய அன்றே அவருக்கு இரண்டு நாள் வேலை குறைந்தது. எழுதியவர்களுக்கும் தம் திருத்தம் சேர்ந்ததா என்ற கவலை தீர்ந்தது. ஆனால் மூத்தவர் எழுதிய வாக்கியத்தில் கை வைக்க இளையவர்கள் துணியவில்லை. தொலைபேசியில் அழைத்து, “சார், அந்த மூன்றாவது வரியைக் கொஞ்சம் மாற்றலாமா?” என்று கேட்டுவிட்டே மாற்றினார்கள். நேரடியாகத் திருத்தாமல் பரிந்துரையாக மட்டும் எழுதும் முறையை எல்லோருக்கும் இயல்பு அமைப்பாக்கிய பிறகுதான் அந்த அழைப்புகள் நின்றன. என் கணிப்பில், நான்கு ஆண்டுகளில் நாங்கள் செய்த மிகப் பயனுள்ள மாற்றம் இந்த ஒரு சொடுக்குதான்.

மூன்றாம் ஆண்டில் மதிப்பிடும் முறையையே மாற்றினேன். முடிந்துபோன பத்து வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் முடிவு எங்கே எடுக்கப்பட்டது, கடைசிப் பிரதி எங்கே இருக்கிறது, சந்தேகம் வந்தபோது யாரிடம் கேட்டார்கள் என்று தேடினேன். ஆவணங்கள் அனைத்தும் மென்பொருளுக்குள்ளேயே கிடைத்தன. முடிவுகளில் பெரும்பாலானவை கைப்பேசிச் செய்திகளில் இருந்தன. இரண்டு வேலைகளின் உண்மையான கணக்கு ஒருவரின் சொந்த எக்செல் கோப்பில் இருந்தது, அவரோ அப்போது நீண்ட விடுப்பில் இருந்தார்.

இந்த ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கும்போது நாட்காட்டியைக் கூட்ட அறை முன்பதிவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பணிப்பலகைக்கான கூடுதல் கட்டணத்தை நிறுத்திவிட்டோம். பலகை எங்கே போயிற்று என்று அந்த வாரம் இருவர் வந்து கேட்டனர். இருவரும் மேலாளர்கள்.