எட்டு மணி நேரப் புகை, மூன்று எலும்பு

இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் இந்த ஸ்மோக்கர் அடுப்பை வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை 14 முறை மாட்டு விலாவுக்குப் புகை போட்டிருக்கிறேன். முதல் மூன்று முறை வந்தது யாருக்கும் பரிமாறும்படி இல்லை. வாங்கிய வாரமே எழுத உட்கார்ந்திருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன்.

நான் இருப்பது டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில். இங்கிருந்து அரை மணி நேரம் காரில் போனால் டெய்லர் என்ற சின்ன ஊர். 1949-இல் தொடங்கிய லூயி முல்லர் பார்பிக்யூ கடை அங்கேதான் இருக்கிறது. புகையேறிக் கறுத்த சுவர்கள். ஒற்றை விலா எலும்பு கேட்டால் ஒரு பவுண்டுக்கு மேல் எடையில் வரும், மேலே மிளகு கரகரவென்று. எங்கள் மார்த்தாண்டம் பக்கம் மாட்டிறைச்சி என்றால் தேங்காய்க்கொத்து போட்டு வறட்டியது, இல்லையென்றால் மரச்சீனியோடு, அதாவது மரவள்ளிக்கிழங்கோடு, எலும்பு. வெறும் உப்பும் மிளகும் போட்ட இறைச்சி இப்படி ருசிக்கும் என்று எனக்கு டெய்லரில்தான் தெரிந்தது. ஆனால் மாதம் இரண்டு தடவை குடும்பத்தோடு போய்ச் சாப்பிடக் கட்டுப்படியாகுமா? அதனால் 340 டாலருக்கு இதை வாங்கினேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். புல்லட் ஸ்மோக்கர் என்ற இந்த வடிவத்தைப் பலர் செய்கிறார்கள். இட்லிப் பானையை இடுப்பு உயரத்துக்கு இழுத்துவிட்டது மாதிரி இருக்கும். அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேல் 18 அங்குல விட்டத்தில் இரண்டு கம்பி வலைகள், உச்சியில் மூடி. கீழே மூன்று காற்றுத்துளை, மூடியில் ஒன்று. மின்சாரம் வேண்டாம், மோட்டார் கிடையாது.

இதன் பெரிய பலம் சூட்டைப் பிடித்து வைப்பது. கரியை முழுவதும் பற்றவைக்கக் கூடாது. பற்றாத கரியை நிரப்பி, நடுவில் குழி பறித்து, கனன்ற துண்டுகள் 15 மட்டும் அதில் போட வேண்டும். நெருப்பு பக்கத்துக் கரிக்கு மெல்ல மெல்லத் தாவும். ஜிம் மினியன் என்பவர் பெயரால் இதை மினியன் முறை என்கிறார்கள். காலை ஐந்தரைக்குப் பற்றவைத்தால் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 120 செல்சியஸில், பத்து மணி நேரம் நிற்கிறது. நடுவில் ஒரு முறை துளையைத் திருகினால் போதும். பக்கவாட்டுப் பெட்டியில் விறகு எரிக்கும் ஆஃப்செட் அடுப்பு வைத்திருக்கும் நண்பர் முக்கால் மணிக்கொரு தரம் எழுந்து கட்டை போட்டுக்கொண்டிருப்பார். நான் அந்த நேரத்தில் துணி மடிக்கிறேன்.

குறைகள் இரண்டு. மூடியில் இருக்கும் வெப்பமானியை நம்பவே முடியாது. என்னுடையது கம்பி வலையில் இருக்கும் சூட்டைவிட 30 டிகிரி குறைத்துக் காட்டுகிறது. அதை நம்பி வைத்த முதல் விலா ஓரமெல்லாம் கருகியது. தனியாக 40 டாலருக்கு இரண்டு கம்பி முனை உள்ள வெப்பமானி வாங்கினேன். அதையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். அடுத்தது பக்கவாட்டுக் கதவு. சரியாகப் பொருந்தாமல் புகை கசிந்தது. காற்று உள்ளே புகுந்தால் கரி சீறி எரிகிறது, சூடு கைக்கு அடங்காது. கதவை முழங்காலில் வைத்து வளைத்து, விளிம்பில் சூடு தாங்கும் பட்டை ஒட்டிய பிறகு சரியாயிற்று. இந்த விலைக்கு இதைக் கடைக்காரனே செய்து தந்திருக்க வேண்டும்.

இரண்டாவது விலா கெட்டதற்குக் காரணம் நான்தான். மரச் சில்லுகளைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். வெள்ளையாகக் கொழுத்த புகை வந்தது, இறைச்சி கசந்தது. இப்போது காய்ந்த போஸ்ட் ஓக் என்ற ஓக் மரக் கட்டை, கைப்பிடி அளவில் மூன்று. புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக வந்த பிறகுதான் இறைச்சியை வைக்கிறேன்.

எந்த விலா என்பது முக்கியம். மெக்சிகன் இறைச்சிக் கடைகளில் ஷார்ட் ரிப் என்று கேட்டால் எலும்பின் குறுக்கே ரம்பம் போட்டு மெல்லிய பட்டைகளாக வைத்திருப்பார்கள். அது தணலில் சட்டென்று வாட்டுவதற்கு. நமக்கு வேண்டியது பிளேட் ரிப், ஆறு ஏழு எட்டாம் விலாக்கள், வெட்டாமல் மூன்றும் சேர்ந்தபடி. 123ஏ என்று இந்த வெட்டின் எண்ணைச் சொன்னால் கசாப்புக்காரருக்குப் புரிகிறது. ஒரு துண்டு ஐந்து பவுண்டு வரும். மேல் கொழுப்பைச் சீவி, எலும்புப் பக்கத்துச் சவ்வை அப்படியே விட்டுவிடுகிறேன். அதை உரித்தால் வேகும்போது எலும்பு கழன்றுவிடுகிறது. உப்பு, ஒன்றிரண்டாக உடைத்த மிளகு. அவ்வளவுதான்.

மதியம் பதினொன்றரை வாக்கில் உள்சூடு 165-இல் நின்றுவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், எண் அசையாது. மேலே வியர்த்து ஆவியாகும் ஈரம் இறைச்சியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் இப்படி. மூன்றாவது தடவை, நெருப்பு செத்துவிட்டதென்று பயந்து துளைகளை முழுக்கத் திறந்து கெடுத்தேன். இப்போது மேற்புறம் கறுத்து இறுகியதும் கசாப்புக் கடையில் இறைச்சி சுற்றும் பழுப்புத் தாளில் சுற்றி உள்ளே வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். 203 வந்தாலும் எண்ணை மட்டும் நம்புவதில்லை. வெந்த மரச்சீனியில் ஈர்க்குச்சி இறங்குவதுபோல் கம்பி இறங்க வேண்டும். அப்புறம் துண்டில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் ஒரு மணி நேரம், ஐஸ் இல்லாமல்.

போன கோடையில் அம்மா வந்திருந்தார். கொல்லையில் நாற்காலி போட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எறச்சி வேக எட்டு மணிக்கூறா மக்களே? குக்கருல வச்சா ஆறு விசிலு" என்றார். மாலையில் சாப்பிட்டுவிட்டு, மிளகு கொஞ்சம் கூட இருந்திருக்கலாம் என்றார். அவர் வாயால் அது பெரிய பாராட்டு.

நாலு பேர் குடும்பத்துக்கு 18 அங்குலம் தாராளம். பெரிய பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுப் பகுதி, போடுவதாக இருந்தால் 22 அங்குலம் பாருங்கள். இதில் மடக்கித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அபார்ட்மென்ட் பால்கனிக்கு இது வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அடுப்பைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள், அடுப்பின் வெளிப்புறம் பட்டால் தோலை உரித்துவிடும்.

சுத்தம் செய்வதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மறுநாள் காலை தண்ணீர்த் தட்டில் உறைந்த மாட்டுக் கொழுப்பு விரல் கனத்துக்கு நிற்கும், நாற்றமும் உண்டு. தட்டுக்கு அலுமினியத் தாள் போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். அன்று அம்மா மீந்த மூன்று எலும்பையும் எடுத்துக்கொண்டுபோய், அதே மெக்சிகன் கடையில் வாங்கிய மரச்சீனியோடு குக்கரில் போட்டார். தட்டைத் தேய்க்க நான் குழாயடிக்குப் போனேன்.