மெடிக்கலில் போய் ‘நல்ல க்ரீம்’ கேட்காதீர்கள்

போன மார்கழியில் பல்வலிக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். பல் சரியானது. நாலு நாள் கழித்து அரிப்பு தொடங்கியது, வெளியே சொல்லக் கூசும் இடத்தில். கூடவே திரிந்த பால் மாதிரி வெள்ளைப்படுதல்.

கடலூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து மெடிக்கலில் அன்று சாயங்காலம் நல்ல கூட்டம். பக்கத்தில் மூன்று ஆண்கள். "அரிப்புக்கு நல்ல க்ரீம் ஒண்ணு குடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். எங்கே, எத்தனை நாளாக என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாரே என்று அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. "படர்தாமரைதானேம்மா? இதைப் போடுங்க, எல்லாத்துக்கும் கேக்கும்" என்று ஒரு ட்யூபைத் தூக்கிப் போட்டார். 130 ரூபாய். மருந்துச் சீட்டு கேட்கவில்லை, பில்லும் தரவில்லை.

இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. அந்த அண்ணன் கைராசிக்காரர் என்று நினைத்தேன். நிறுத்திய மூன்றாம் நாள் மறுபடி வந்தது, முன்பைவிடச் சிவந்து, தொடை இடுக்கு வரை. மறுபடி போட்டேன், அடங்கியது. நிறுத்தினேன், வந்தது. இப்படியே இரண்டு மாதம், மூன்று ட்யூப். கடைசியில் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகி, நடந்தால் எரிந்தது.

அதற்கப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் ட்யூபை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். ஒரு பூஞ்சை மருந்து, இரண்டு பாக்டீரியா மருந்து, அவற்றோடு க்ளோபெட்டசால். அது மிகவும் வீரியமான ஸ்டீராய்டாம். சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்புச் சக்தியையும் குறைப்பதால் பூஞ்சை அடியில் சுகமாக வளரும். எனக்கு வந்தது படர்தாமரையே இல்லை, கேண்டிடா. நம் உடம்பிலேயே குடியிருக்கும் ஈஸ்ட். ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்ததும் அதற்கு இடம் கிடைத்துவிட்டது.

உள்ளே வைக்க க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து, 100 மில்லிகிராம் மாத்திரை, ஆறு இரவு. வெளியே பூச வெறும் க்ளோட்ரிமசோல் 1% க்ரீம். அரிப்பு நின்றாலும் சொன்ன நாள் வரை போடச் சொன்னார். டெட்டால், சோப்பு எதுவும் அந்தப் பக்கமே வேண்டாம் என்றார். (நான் இரண்டையும் போட்டுத் தேய்த்திருந்தேன். சொல்லவில்லை.) திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை இருக்கலாம் என்று அதையும் பார்க்கச் சொன்னார். நல்லவேளை, இல்லை. வெறும் க்ளோட்ரிமசோல் க்ரீம் அந்த ட்யூபில் பாதி விலைகூட இல்லை.

கர்ப்பமாக இருப்பவர்கள் இதற்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாதாம். மீன் வாடையோ பச்சை நிறமோ இருந்தால் அது வேறு நோய், இந்த க்ரீம் கேட்காது.

தொற்று இரண்டு வாரத்தில் போய்விட்டது. தொடையில் பிரசவத் தழும்பு மாதிரி விழுந்த கோடுகள் போகவில்லை, முழுசாகப் போகாது என்றும் சொல்லிவிட்டார்.

ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை 2018-லேயே ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. பெட்டியோடு கடைக்குப் போய் அந்த வரியைக் காட்டினேன். "நீங்க கேட்டதைத்தானேம்மா குடுத்தேன்" என்றார். பில் இல்லாததால் மேற்கொண்டு பேசவும் முடியவில்லை.

நான் நிற்கும்போதே ஒரு காலேஜ் பையன் வந்து அரிப்புக்கு க்ரீம் கேட்டான். அதே ட்யூப். "தம்பி, பெட்டியைத் திருப்பிப் படிச்சுப் பாரு" என்றேன். கடைக்காரர் என்னை முறைத்தார். அந்தப் பையன் பெட்டியை அவசரமாகப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.